ஒழுகாத சுவர்

மழை பிடித்து நான்காவது நாள். பெரிய சுவரின் பழைய பகுதியில் கல் இடுக்குகளிலெல்லாம் தண்ணீர் கசிந்து வழிந்துகொண்டிருந்தது. மேல்பாதிக்காரர்களான நாங்கள் புதிதாகக் கட்டிய பகுதியில் ஒரு சொட்டுகூட வரவில்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் மழையிலும் நின்று பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். "கட்டுனா இப்படிக் கட்டணும்யா. உள்ள சரளைய எப்படி எறக்கியிருக்காளுக பாரு, தண்ணி நேரா அடியோட போயிருது" என்று கீழ்பாதிக்காரர்களே சொன்னார்கள். எனக்கு மட்டும் அது நல்லதாகப் படவில்லை.

உள்ளே போன தண்ணீர் எங்கேயாவது வெளியே வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் உள்ளேயே நிற்கிறது. அந்தச் சுவருக்கு நேர் கீழே, பத்தடி தள்ளி, என் அண்ணன் தொரிபியோவின் வீடு. அதற்குள் அவன் பெண்டாட்டி கசிமிரா ஒன்பது நாள் பிள்ளையோடு படுத்திருந்தாள். சுவருக்குள் சரளை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் இல்லை என்பதும் தெரியும். அதை முதலில் சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

எங்கள் ஊர்ப் படிவயல்களில் பாதியைத் தாங்கி நிற்பது அந்தச் சுவர்தான். இன்கா ராஜாக்களுக்கும் முந்தியது என்று குஸ்கோ நகரத்திலிருந்து வந்த ஒரு என்ஜினீயர் அளந்து பார்த்துச் சொன்னார். இரண்டு ஆள் உயரம். சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை, வெறும் கல்மேல் கல். ஆகஸ்டில் பூமி அதிர்ந்தபோது நடுவில் எண்பது முழம் சரிந்துவிட்டது. இடுப்பு உயரம் வரை பழைய வரிசைகள் அப்படியே நின்றன. அதற்கு மேலே இருந்ததுதான் போயிற்று.

எங்கள் ஊர் இரண்டு பாதி. சுவர் விழுந்தால் மேல்பாதி கிழக்கு முனையிலிருந்து கட்டிக்கொண்டு வரும், கீழ்பாதி மேற்கு முனையிலிருந்து வரும். நடுக்கல்லை எந்தப் பாதி முதலில் வைக்கிறதோ அந்தப் பாதி ஜெயித்தது. தோற்ற பாதிப் பெண்கள் ஒரு கொடி நெய்து, ஜெயித்த பாதியின் தலைவன் வீட்டில் கொண்டுவந்து தங்கள் கையாலேயே மாட்ட வேண்டும். அடுத்த சுவர் விழும்வரை அது அங்கே தொங்கும். தோற்றவனுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எரியும்.

நான் பிறந்தது கீழ்பாதி. கட்டிக்கொண்டது மேல்பாதித் தலைவன் ஃபெர்மினை. கீழ்பாதித் தலைவன் என் அண்ணன். என் நிலைமையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்கள் வெளியே தெரியும் முகக்கல்லை வைப்பார்கள். பின்பக்கம் நிரப்புவது பெண்கள் வேலை. முகக்கல்லுக்குப் பின்னால் உருட்டுக்கல், அதற்குப் பின்னால் ஆற்றுச் சரளை, அதற்கும் பின்னால்தான் மண். சரளையை ஆற்றிலிருந்து முதுகில் துணிமூட்டை கட்டிச் சுமந்து வர வேண்டும். ஆற்று வழி வந்து ஏறுவது கீழ்பாதியின் முனையில். நாங்கள் அவர்களைத் தாண்டி, அவர்கள் கேலியையும் தாண்டி, எங்கள் பக்கத்துக்கு நடக்க வேண்டும். கடைசி நாள் மதியம் நான் மூட்டையோடு மூச்சு வாங்கிக்கொண்டு போகும்போது, என் அண்ணன் சுவர்மேல் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"பாவம்ப்பா எங்க தங்கச்சி. மேல போனதுலருந்து எது சரளை எது மண்ணுன்னே மறந்துபோச்சு. அங்க யாரு இருக்கா அவளுக்குச் சொல்லிக் குடுக்க?"

கீழ்பாதி முழுக்கச் சிரித்தது. கசிமிராகூட ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு உச்சந்தலைக்கே ஏறிவிட்டது.

எங்கள் பக்கம் வந்து சேர்ந்ததும் பெண்களிடம் சொன்னேன். "இனிமே யாரும் ஆத்துக்குப் போக வேணாம். மண்ணைத் தள்ளுங்கடி."

"இலாரியா, சரளை இல்லாம எப்படி?" என்றாள் பசிலியா. எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி, நிதானமானவள்.

"உள்ள போயி யாருடி பாக்கப்போறா? மூஞ்சி நல்லா இருந்தா போதும். தள்ளு."

நடுவில் பன்னிரண்டு முழத்துக்கு மண்ணைத் தள்ளினோம். ஆண்கள் கல் வைக்கிற அவசரத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் அண்ணன் கையில் அவன் கல் இருக்கும்போதே ஃபெர்மின் நடுக்கல்லை வைத்துவிட்டான். அதன் பின்னால் நாங்கள் மெல்லும் கோகா இலையும் சுமை தூக்கும் லாமாவின் கொழுப்பும் முடிந்த துணியைப் படையலாக வைத்து, மேலே மக்காச்சோளக் கள்ளை ஊற்றினான். ஊற்றிவிட்டுச் சுவர்மேல் ஏறி ஆடினான்.

கள் ஊற்றிவிட்டால் சுவர் குடித்துவிட்டது என்று சொல்வோம். குடித்த சுவரின் கல்லில் ஒரு வருடம் யாரும் கைவைக்கக் கூடாது. மீறிக் கல்லைப் பிடுங்கினால் பிடுங்கியவர் வீட்டில் ஒரு உயிர் போகும். நான் அதை நம்புகிறவள். இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்த நான்காம் நாள் காலையில் சுவரடிக்குப் போனேன். நடுக்கல்லுக்குக் கீழே ஃபெர்மின் அடித்து இறுக்கியிருந்த சில்லுக்கற்கள் இரண்டு பாதையில் கிடந்தன. சுவர் அவற்றைத் துப்பியிருந்தது. ஓடிப்போய் ஃபெர்மினைக் கூட்டி வந்தேன்.

தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கோகா இலையை ஒதுக்கிக்கொண்டு, முணுமுணுத்தபடி வந்தான். சில்லுகளைக் காட்டினேன். ஒன்றைக் கையில் எடுத்தவன் அப்படியே சுவரோரம் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். சுவர் வயிறு தள்ளியிருந்தது. நாலு விரல் இருக்கும்.

"இது எப்படி வரும்?" என்றான். "சரளை தண்ணிய எறக்கிருமே."

இருபத்தொரு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவன். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

"என்னடி போட்ட உள்ள?"

"மண்ணு."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"நடுவுல பன்னண்டு முழம்."

வாயிலிருந்த இலையைத் துப்பினான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன், திட்டுவான் என்று நினைத்தேன். அவன் அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஊரு முன்னாடி ஆடுனேனே புள்ள" என்றான். "மேல ஏறி நின்னு ஆடுனேனே."

"அத அப்புறம் நெனச்சுக்கலாம். இப்ப என்ன செய்யிறது?"

"மேல ஏறி மண்ண வெட்டி எடுத்துருவோமா?"

"ஊறிப்போன மண்ணுமேல நாலு பேரு ஏறி நின்னா அவங்களோட சேந்து எறங்கிரும்."

"அப்ப மழை விடட்டும். நாளைக்கு விட்டுரும்."

"விடாட்டி?"

நானே சொன்னேன். "இடுப்பு உயரத்துல, பழைய வரிசைக்கு மேல ஒரு கல்ல எடுத்தா தண்ணி எறங்கிரும்."

"குடிச்ச சுவருடி அது. நம்ம வீட்டுல ஒரு உயிரு போகும்."

"எடுக்காட்டி என் அண்ணன் வீட்டுல மூணு போகும்."

யாராவது வருகிறார்களா என்று பாதையைப் பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மொதல்ல அவங்கள வெளிய கூட்டிட்டு வா" என்றான். "ஆளு இல்லாதப்ப விழுந்தா விழுந்துட்டுப் போவுது. மழையில விழுந்துச்சுன்னு போயிரும். யாருக்கும் தெரியப்போறதில்ல."

எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் பொய் சொல்வானேன், அதே நினைப்பு எனக்குள்ளும் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. ஓடினேன்.

அண்ணன் வீட்டுக் கதவிடுக்கிலெல்லாம் கந்தல் திணித்திருந்தது. தட்டியதும் ஒரு கையளவு திறந்து, "சீக்கிரம் வா, காத்து வருது" என்று என்னை உள்ளே இழுத்துச் சாத்தினான். உள்ளே மூலிகைப் புகை. கசிமிரா நாலு கம்பளிக்கு அடியில், தலையைச் சுற்றித் துணி கட்டிப் படுத்திருந்தாள். பிள்ளை அவள் பக்கத்தில் துணிச்சுருளாகத் தூங்கியது. பிள்ளை பெற்றவள்மேல் பதினைந்து நாளுக்குக் காற்று படக் கூடாது. எங்கள் அம்மா போனது அப்படித்தான். என்னைப் பெற்ற ஆறாம் நாள் ஓடைக்குத் துணி அலசப் போய் வந்து படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை. அப்போது அண்ணனுக்கு ஏழு வயது. கூடவே இருந்து பார்த்தவன்.

"அண்ணே, வீட்ட விட்டு வெளிய வாங்க. இப்பவே."

"கிறுக்கா உனக்கு? ஒம்பது நாள்தான் ஆகுது."

"சுவரு சரியப்போவுது."

அவன் சிரித்தான். "எந்தச் சுவரு, உங்க சுவரா? நாலு நாளா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க பக்கம் அழுதுக்கிட்டு நிக்குது, உங்க பக்கம் ஒரு பொட்டு இல்ல. வாய்விட்டே சொல்றேன் தங்கச்சி, நீங்க கட்டுனதுதான் சுவரு. அன்னிக்கு நான் உன்னை அப்படிக் கேலி பண்ணிருக்கக் கூடாது. தப்புதான்."

பிறந்ததிலிருந்து அவன் வாயால் தப்பு என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. அதை இன்றைக்குத்தானா சொல்ல வேண்டும்? செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கதவைத் திறந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"அண்ணே, உள்ள சரளை இல்ல."

"என்னது?"

"மண்ணுதான் இருக்கு. நீ கேலி பண்ணியே, அன்னிக்கு நான்தான் போடச் சொன்னேன்."

அண்ணன் கையை ஓங்கினான். ஓங்கிய கை என்மேல் விழாமல் அவன் தலைக்கே போயிற்று.

"என் தலைக்கு மேலயாடி? உனக்கு வேற எடமே கெடைக்கலையா?"

"அடிக்கணும்னா அப்புறம் அடி. முதல்ல கிளம்பு."

"எப்படிக் கிளம்புறது? அவ அம்மா மாதிரிப் போகட்டுங்கிறியா?"

கசிமிரா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் கெட்டியாக வந்தது. "ரெண்டு பேரும் உங்க சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. எந்த வழியாப் போறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்குப் பின்னால் ஓடை கரைபுரண்டு போகிறது. முன்னால் இருப்பது ஒரே பாதை. அது சுவரடியை ஒட்டியே கிழக்கு முனைவரை நாற்பது முழம் போகிறது. அவர்களை வெளியே கொண்டுவருவது என்றால் அந்தச் சுவருக்கு அடியில்தான் கொண்டுவர வேண்டும். ஆளை எடுத்துவிட்டுச் சுவரை விழவிடலாம் என்று நானும் என் புருஷனும் போட்ட கணக்கு அங்கேயே செத்துப்போயிற்று.

வெளியே தொம்மென்று ஒரு சத்தம். வீடு அதிர்ந்தது. பிள்ளை விழித்து வீறிட்டது. அண்ணன் கதவைத் திறந்து பார்த்தான். சுவர் உச்சியிலிருந்து ஒரு கல் உருண்டு வாசலுக்கு மூன்றடி தள்ளி நின்றிருந்தது.

"தண்ணிய எறக்காம அவள அந்த வழியில தூக்கிட்டுப் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"கல்ல நான்தான் எடுப்பேன்."

"விடுடி. உனக்குக் கல்லப் பத்தி என்ன தெரியும்?"

"எதை எடுக்கணும்னு நீ சொல்லு. எடுக்குறது நானு. உன் வீட்டுல பச்சப்புள்ள இருக்கு. போற உயிரு என் வீட்டுல போகட்டும்."

எனக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டில் உயிர் என்றால் நானும் ஃபெர்மினும்தான். அண்ணனுக்கும் அது தெரியும். ஒரு நொடி என்னைப் பார்த்தான், அப்புறம் கடப்பாரையை விட்டான்.

வெளியே வந்தபோது கல் விழுந்த சத்தத்துக்குக் கிழக்கு முனையில் கூட்டம் சேர்ந்திருந்தது. ஃபெர்மின் மட்டும் சுவரடியில் நின்றான். இரண்டு தைல மரக்கட்டைகளை எங்கிருந்தோ இழுத்து வந்து, சுவரின் வயிற்றில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். என் கையில் கடப்பாரையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. தடுக்கவில்லை. ஒரு கட்டையின் அடியைக் குதிகாலால் மிதித்து, நடுவில் தோளைக் கொடுத்து நின்றுகொண்டான்.

"ஏ இலாரியா, என்னடி செய்யிற?" என்று கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் கத்தினார். "குடிச்ச சுவருடி. கைய வைக்காத."

"இது எங்க பாதிச் சுவரு, அவனுக்கு என்ன வேலை அங்க?" என்றான் இன்னொருவன், என் அண்ணனைக் காட்டி. "தோத்த வயித்தெரிச்சல்ல பிரிக்க வந்துட்டானா?"

பசிலியா அவர்களுக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். கைகளை விரித்து யாரும் கிட்டே வராமல் மறித்துக்கொண்டாள்.

அண்ணன் குனிந்து வரிசையைப் பார்த்தான். "அந்த நீளக்கல்லுக்குக் கீழ ரெண்டு சின்னக்கல்லு இருக்கு பாரு. இடது பக்கத்தத எடு. வலதத் தொட்டுராத, மொத்தமும் நம்ம தலையில வந்துரும். நேரா நிக்காத, ஓரமா நில்லு."

கடப்பாரையை இடுக்கில் விட்டு நெம்பினேன். அசையவில்லை. ஃபெர்மின் வேலை சுத்தம், பாவி. மறுபடி நெம்பினேன். மூன்றாவது நெம்பலில் கல் பல் ஆடுகிற மாதிரி ஆடியது. விரலை விட்டு இழுத்தேன். வந்துவிட்டது. என் வீட்டு உயிர் ஒன்று போச்சு என்று நினைத்துக்கொண்டே கல்லைக் கீழே போட்டேன்.

தண்ணீர் வரவில்லை. ஓட்டையில் மண் அடைத்துக்கொண்டு நின்றது.

"குத்து" என்றான் அண்ணன்.

குத்தினேன். கை நீளத்துக்கு உள்ளே போனது, ஒன்றும் இல்லை. மறுபடி குத்தினேன். உள்ளே எங்கேயோ மாட்டு வயிறு இரைவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நொடி தொடைப் பருமனில் செந்தண்ணீர் பீறிட்டு என் தோளில் அடித்து என்னைச் சாய்த்தது. அந்தத் தண்ணீரோடு கோகா இலை முடிந்த துணியும் வெளியே வந்து, பாதையில் மிதந்து போய், என் அண்ணன் வாசலில் நின்றது. கூட்டத்தில் நாலைந்து பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"இப்பப் போ" என்றேன்.

அண்ணன் உள்ளே ஓடினான். கசிமிராவைக் கம்பளியோடு சுருட்டி, மூட்டை மாதிரி முதுகில் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். பிள்ளை அவன் மார்பில் இருந்தது. இரண்டு பேரின் கனத்தோடு அவனால் ஓட முடியவில்லை. சேற்றில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்து வந்தான். பசிலியா கிழக்கு முனையிலிருந்து ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடினாள்.

அப்போது தண்ணீர் குறைந்தது. வடிந்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். வடியவில்லை. உள்ளிருந்து வந்த மண் ஓட்டையை மறுபடி அடைத்திருந்தது. ஃபெர்மினின் தோளில் கட்டை முனகியது.

"அடைச்சுக்கிச்சுடி" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

கடப்பாரை தண்ணீர் அடித்த வேகத்தில் எங்கேயோ போயிருந்தது. தேட நேரமில்லை. கையை விட்டேன், முழங்கைவரை, அப்புறம் தோள்வரை. சுவரோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டி வெளியே தள்ளினேன். தண்ணீர் மறுபடி வந்தது, அடைத்தது, மறுபடி வந்தது. என் கையைச் சுற்றிக் கற்கள் மெதுவாக நகருவது தெரிந்தது. நான் போட்ட மண்ணை நானே வாரிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பிடிக்கும் என்னை நானே திட்டிக்கொண்டேன், எழுதக் கூடாத வார்த்தைகளில்.

அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் ஒரு அடி தள்ளிக் கடந்துபோனான். பாதை அவ்வளவுதான் அகலம். கம்பளி என் தோளில் உரசியது. கம்பளிக்குள்ளிருந்து கசிமிராவின் பல் தந்தியடிப்பது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் காலடியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"தாண்டியாச்சு" என்று பசிலியா கத்தினாள்.

"கைய எடு" என்றான் ஃபெர்மின்.

எடுத்தேன், வரவில்லை. ஒரு கல் இறங்கி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. "நீ போய்யா" என்றேன். "கட்டைய விட்டுட்டுப் போ."

"வாய மூடு." அவன் தோளைக் கட்டையிலிருந்து எடுத்தான். இரண்டு கைகளாலும் என் புஜத்தைப் பிடித்து, காலைச் சுவரில் ஊன்றி, மாட்டை இழுப்பது மாதிரி இழுத்தான். என்னவோ முறிந்தது. கை வந்துவிட்டது. என்னைத் தூக்கினானா இழுத்தானா தெரியாது. கூட்டத்தின் காலடியில் போய் இருவரும் விழுந்தபோது பின்னால் கட்டை முறிகிற சத்தம் கேட்டது. முதலில் நடுக்கல் வந்தது. அப்புறம் மொத்தமும் வந்தது. என் அண்ணன் வீட்டுக் கூரை ஒரு தட்டில் நசுங்குவதைப் பார்த்தேன். வீடு இருந்த இடத்தில் சேறும் கல்லும் குவிந்து, ஓடை அதன்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். விழுந்த இடத்தின் இரண்டு பக்கமும் சுவர் ரொட்டியை வெட்டி வைத்தது மாதிரி திறந்து கிடந்தது. இந்தப் பக்கம் கல், உருட்டுக்கல், சரளை, மண் என்று வரிசையாகத் தெரிந்தது. அந்தப் பக்கமும் அப்படியே. நடுவில் வெறும் சேறு.

கீழ்பாதிக்காரர் ஒருவர் என் அண்ணனைப் பார்த்தார். "தொரிபியோ, என்னப்பா இது?"

அண்ணன் கசிமிராவை முதுகிலிருந்து இறக்காமலே நின்றான். வீடு போனவன் அவன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த இருபது வருடத்துக்கு மேல்பாதியின் மானம் கப்பலேறும். ஃபெர்மின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தேன்.

"மழை ஜாஸ்தி" என்றான் அண்ணன். "வேற என்ன?"

அவன் என்னைக் காப்பாற்றுகிறான் என்று புரிந்தது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். வீட்டையும் இழந்துவிட்டு எனக்காகப் பொய்யும் சொல்கிறவனோடு நான் எப்படி இனிமேல் பேசுவது?

"மழை இல்ல" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "சரளைக்குப் பதிலா மண்ணு போட்டிருக்கு. போடச் சொன்னவ நான். ஜெயிக்கணும்னு சொன்னேன்."

"போட்டது நாங்க" என்றாள் பசிலியா, பிள்ளையை ஆட்டிக்கொண்டே. மேல்பாதிப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் யாருக்கும் நிற்காமல், "உன் வீடுதான் பக்கம், நட" என்று ஃபெர்மினிடம் சொல்லிவிட்டு மேட்டில் ஏறினான்.

கசிமிராவை எங்கள் கட்டிலில் படுக்க வைத்தோம். இருந்த கம்பளியெல்லாம் போர்த்தியும் அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. பதினைந்தாம் நாள் அவள் எழுந்து நடந்தாள், பிள்ளையும் பிழைத்தது. என் வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. எங்கள் வீட்டில் வேறு உயிர் எதுவும் போகவில்லை. ஆனால் அன்று மத்தியானம் இதெல்லாம் எங்கள் யாருக்கும் தெரியாது. அண்ணன் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவன் எங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டுக் கதவு பழசு. பலகைக்கும் நிலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. ஓடைக்காற்று அதன் வழியாக நேராகக் கட்டிலுக்கு வந்தது.

"காத்து வருது" என்றான் அண்ணன், தலை நிமிராமல். "எதையாவது வச்சு அடைங்க."

நான் ஒற்றைக் கையால் பெட்டியைத் துழாவினேன். கெட்டியானதெல்லாம் அவள்மேல் கிடந்தது, மிச்சமெல்லாம் நனைந்த துணி. திரும்பியபோது ஃபெர்மின் கட்டிலுக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே கொடி தொங்கியது. மஞ்சள் கொடி, ஓரத்தில் சிவப்பு லாமாக்கள் வரிசையாக. நவம்பரில் கீழ்பாதிப் பெண்கள் வந்து மாட்டிவிட்டுப் போனது. வருகிறவர்களையெல்லாம் அதற்குக் கீழே உட்கார வைத்துத்தான் ஃபெர்மின் பேசுவான்.

அவன் ஆணியிலிருந்து அதைக் கழற்றினான். நீளவாட்டில் மடித்து, கதவடியில் மண்டி போட்டு, கீழிருந்து மேலாக இடுக்கில் திணித்துக்கொண்டே வந்தான். நான் மறுபக்கம் நின்று, மடங்குகிற விரல்களால் அழுத்திக் கொடுத்தேன். காற்று பாதியாகக் குறைந்தது.

கசிமிரா கண்ணைத் திறந்து பார்த்தாள். "அது நான் நெய்ஞ்ச கொடியில்ல?"

"ஆமா மதினி" என்றேன்.

"எட்டு மாச வயித்த வச்சுக்கிட்டு, உன்னைத் திட்டித் திட்டி நெய்ஞ்சேன்" என்றாள் பல் தந்தியடிக்க. "மேல அந்த ஓரத்தையும் நல்லாத் திணி. கெட்டியாத்தான் நெய்ஞ்சிருக்கேன்."

நான் எக்கி அந்த ஓரத்தையும் திணித்தேன்.